இருபத்தேழு நாள் தண்ணீர்

காலையில் ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, இப்படி நாலு தடவை தண்ணீர் காட்டினால் போதும் என்று கொத்தனார் இசக்கிராஜ் சொல்லியிருந்தான். மணி இன்னும் பத்தரை ஆகவில்லை, எமரன்சி இன்றைக்கு மூன்றாவது தடவையாக ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புதுச்சுவருக்கு எதிரே நின்றாள். நனைத்ததும் சுவர் யானைத்தோல் மாதிரி கறுத்தது, கண்மூடித் திறப்பதற்குள் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. சனியன், எவ்வளவு ஊற்றினாலும் நன்றி கிடையாது, கொழுந்தனார் மாதிரி. ஐப்பசி பாதி போய்விட்டது, மழையைக் காணோம். தூத்துக்குடிக்கு மழை என்றால் வானிலை அறிக்கையில் பெய்வதுதான். நைட்டிப் பையில் போன் கிடந்தது, நனையாமல் இருக்கப் பால் கவரைக் கழுவி அதற்குள் போட்டிருந்தாள், அது அதிர்கிறதா என்று தொடையால் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் போட்டோ அனுப்புகிறேன் என்று ஜெசிந்தா சொன்னாள். சிஸ்டர் ஜெசிந்தா என்று சொல்ல வேண்டும். கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து மாரல் சயின்ஸ் பீரியடில் சத்தம் வராமல் மக்ரூன் தின்றவளை சிஸ்டர் என்று கூப்பிட நாக்கு மடங்க மாட்டேன் என்கிறது. மணி அடித்தே ஆயுசை ஓட்டுகிறவர்கள், பத்து என்றால் பத்தாக இருக்க வேண்டாமா? கார்வார் பக்கம் எங்கேயோ உப்பங்கழி ஓரத்துக்குப் போகிறாள், சிக்னல் இருக்காது, படகு கிடைத்திருக்காது, மதர் சுப்பீரியர் கூப்பிட்டிருப்பாள், எதுவோ. ஜன்னல் விளிம்பில் மீன் மசாலா டப்பாவுக்கு அடியில் இன்னொன்று படபடத்துக்கொண்டிருந்தது, கோயிலின் தெருக்குழுவான அன்பியத்துக்குத் தலைவி கிளமென்சியா டீச்சர் கொடுத்துவிட்டுப் போன இறந்தோர் பட்டியல். நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் செத்தவர்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள். அப்பா தொபியாஸ் கர்வாலோ, அம்மா பெர்பெத்துவா, மாமனார், மாமியார், அத்தை ஒருத்தி, ஐந்து பெயர் எழுதியாகிவிட்டது. ஆறு என்று எண் போட்டு ஒரு புள்ளியும் வைத்துவிட்டு அப்படியே பேனாவை மூடிவிட்டாள். ஆறாவது, ரெமி. அண்ணன் ரெமிஜியுஸ், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா கட்டிய கப்பலில் ஏறிப் போனவன். கப்பலும் வரவில்லை, அவனும் வரவில்லை. அம்மா இருந்தவரைக்கும் அந்தப் பெயரை எழுத விடவில்லை. "உடம்பைக் கண்ணால பாக்காம பேரை எழுதுனா அது சாபம்ட்டீ" என்பாள். போன மாசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள், இனி எழுதுவதும் விடுவதும் எமரன்சி கையில். ஜெசிந்தா பார்க்கப் போயிருப்பது அந்தக் கப்பல்தானா, உடைந்து ஒதுங்கியதா, முழுசாகப் போய் நின்றதா, அதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். உடைந்திருந்தால் எங்கே உடைந்திருக்கிறது. அதுதான். எங்கே.

இந்தச் சுவரே அந்தக் கப்பலால் வந்த வினைதான். பதினெட்டு அடி அகலத்துக்குக் காம்பவுண்டை இடித்துத்தான் கப்பலைத் தெருவுக்கு இழுத்தார்கள். இழுத்தபிறகு கட்டிவிடலாம் என்று அப்பா சொன்னார், பிறகு பார்க்கலாம் என்றார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். அவர் போனபின் எமரன்சியின் வீட்டுக்காரர் ஆம்புரோஸ் எத்தனையோ தடவை ஆள் கூட்டிவந்தார், அம்மா விடவில்லை. வாறவன் எப்படி உள்ள வருவான் என்றாள். கேட் வழியாக வருவான், மனுஷன்தானே, என்று எமரன்சி சொன்னதற்கு, "கப்பலை வெளியில விட்டுட்டு வருவானா?" என்று அம்மா கேட்டாள், நிஜமாகவே கேட்டாள், சந்தேகம் கேட்கிற மாதிரி. முப்பத்தாறு வருஷம் ஒரு வீட்டுக்குக் கப்பல் அகலத்தில் பொக்கைவாய். ஓலைத்தட்டி கட்டினால் ஆடு தின்னும், தகரம் அடித்தால் யாரோ கழற்றிக்கொண்டு போவார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் கடற்கரைச் சாலைக்குக் குறுக்குவழி என்று இந்த வீட்டு முற்றத்தில்தான் நடப்பார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள், மரியாதை தெரிந்த ஜனம். இப்போது அடைத்தாயிற்று. பதினோரு நாள் ஆகிறது. நேற்றுக்கூட ஒருத்தர் பழக்கதோஷத்தில் வந்து சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். பதினோரு நாள். இந்த எண்ணைத்தான் நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து வேறு எண்களாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மரக் கப்பலாக இருந்தால் எண்ணே வந்திருக்காது. ஊரெல்லாம் மரத்தில் தோணி கட்டும்போது மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்த தொபியாஸ் கர்வாலோவுக்கு மட்டும் சிமெண்டில் கட்ட வேண்டும் என்று எந்தப் பேய் சொன்னதோ. மாலுமிகள் சங்கத்தில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்தாராம். கம்பியை வளைத்து எலும்புக்கூடு, அதன்மேல் கோழிக்கூட்டு வலை ஆறு சுற்று, ஒவ்வொரு சாணுக்கும் கட்டுக்கம்பி முடிச்சு. ஆறு வருஷம் மில் விட்டு வந்ததும் அதைக் கட்டினார். முற்றத்தில் பெரிய மீன் ஒன்றைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி நின்றது. தோணி ஆசாரிகள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவந்து வேடிக்கை பார்ப்பார்கள். "சிமெண்ட்ல தொட்டி கட்டலாம் வேய், தோணி கட்டலாமா?" என்பார் ஒருத்தர். "தொட்டிக்குள்ள தண்ணி நிக்கும்லா, வெளிய தள்ளவும் தெரியும்வே அதுக்கு," என்பார் அப்பா. அம்மா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். அப்பா அதற்கு அம்மாவின் பெயரையே வைத்தார், பெர்பெத்துவா என்று, முன்னால் நீல எழுத்தில். அதிலும் அம்மாவுக்குக் கோபம்தான்.

குழாயை வலது பக்கம் திருப்பினாள். இடது பக்கத்துக்குத்தான் கை போனது, வேண்டுமென்றே வலது பக்கம் திருப்பினாள், பிறகு இடது பக்கம் காய்ந்துவிடுமே என்று மறுபடியும் இடது பக்கம். அன்றைக்குக் கப்பலுக்குச் சிமெண்ட் பூசுவதை ஒரே நாளில் முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் பிளக்கும் என்று பன்னிரண்டு கொத்தனார்களை விடியற்காலை நிறுத்தி ஒரே மூச்சில் பூசினார்கள். பிறகு இருபத்தெட்டு நாள் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். உடம்பு முழுக்கச் சாக்கைப் போர்த்தி, சாக்கு காயக் காயத் தண்ணீர். அப்பா சாக்பீஸால் கோடு போட்டு வீட்டுக்குள் பங்கு பிரித்தார், பின்பக்கம் அம்மாவுக்கு, வலது பக்கம் ரெமிக்கு, முன்னால் இடது பக்கம் எமிக்கு, அப்போது எமரன்சி எமிதான், மீதி அவருக்கு. சாயந்திரம் மில் சங்கு ஊதி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு சாக்காக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி. எமிக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படிப் பார்த்தாரா? ஞாபகம் இல்லை. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த புதுசு. வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் சிஸ்டர் லியோனி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "எமரன்சியா, உன் அப்பா சிமெண்டில் கப்பல் கட்டுகிறாராமே? பாவம் நோவா, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, மரத்திலேயே கட்டிவிட்டார்," என்று அழகான இங்கிலீஷில் சொன்னாள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் சனிக்கிழமை. பதினோராவது நாள். அம்மா மணப்பாட்டில் ஒரு சாவுக்குப் போய்விட்டாள், ரெமி தன் பக்கத்தை நனைத்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விட்டான், அப்பா மில்லில். எமி முதல் வாளியை எடுத்தாள். அந்தச் சாக்குகளைப் பார்த்தாள், நனைந்த சணல் வாடை, செத்த எருமை மாதிரி. வாளியோடு திரும்பி நடந்து குரோட்டன்ஸ் செடியில் ஊற்றினாள். மொத்தத்தையும். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு உதையும் விட்டுவிட்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போய்ச் சாயந்திரம்வரை கேரம் ஆடினாள். சிரித்தவள் வீட்டுக்கே போனாள், அதுதான் பதினாலு வயசு. ஐந்து மணிக்கு ஞாபகம் வந்து ஓடிவந்தபோது சாக்கு விறைத்துப்போய் அப்பளம் மாதிரி இருந்தது. சாக்கைத் தூக்கிக் கீழே கைவைத்தாள், சுட்டது. சங்கு ஊதுவதற்குள் ஒன்பது வாளி ஊற்றினாள். அப்பா வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சபாஷ்ட்டீ," என்றார். அவ்வளவுதான் நடந்தது. காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை, ஒரு பகல், ஒரு சின்னப் பிள்ளை, ஒரு வாளி. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். சொன்னதில்லை. பொய் சொன்னேன் சாமி, கோபப்பட்டேன் சாமி, பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டேன் சாமி என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறாள், கப்பலுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை சாமி என்று எந்த வாயால் சொல்வது, அது எந்தக் கட்டளையில் வருகிறது?

போன் அதிர்ந்தது. குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பால் கவரைப் பிரித்தாள். ஆம்புரோஸ். "என்ன, உன் டைட்டானிக் வந்துட்டா?" என்றார் ஆபீசிலிருந்து. "வந்தா உங்களையும் அதுல ஏத்தி அனுப்புதேன், வைங்க," என்று வைத்தாள். நல்ல மனுஷன்தான், ஆனால் எதற்கு எப்போது சிரிப்பது என்று தெரியாது, திருமணப் பூசையிலேயே சிரித்தவர். கப்பல் மிதந்தது. அதை அந்த ஊர் எதிர்பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் பக்கத்துத் தீவுகளுக்கும் துறைமுகத்துக்கும் போய்வந்தது, ஆனால் சரக்கு ஏற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை. சிமெண்ட் வண்டியில் உப்பை ஏற்றி நடுக்கடலில் கரைச்சுட்டு வாறதுக்கா என்று கேட்டார்கள். கடைசியில் கொல்லத்திலிருந்து ஒரு கயிறு வியாபாரி சரி என்றான். ரெமி கன்னியாகுமரியைச் சுற்றி மேற்குக் கடலுக்குக் கொண்டுபோகிறேன் என்றான். அப்பா வேண்டாம் என்றார், தென்மேற்குக் காற்று, ஆள் போதாது, நீ பிறந்தது நேத்து. இருபத்திரண்டு வயசுக்காரனைப் பார்த்து நேத்துப் பிறந்தவன் என்றால் அவன் என்ன செய்வான்? "கட்டத் தெரிஞ்சவருக்கு ஓட்ட பயம்," என்றான் ரெமி, கஞ்சித் தட்டுக்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி. அப்பா எழுந்து கைகழுவினார். "கப்பலோட போறவன் கப்பலோடவே இரு. இந்த வீட்டு வாசலை மிதிக்காத," என்றார். போய்விட்டான். கொல்லத்தில் கயிற்றை இறக்கியாயிற்று என்று கூடப்போன இரண்டுபேரும் பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள், ரெமி புது ஆள் பிடித்து வடக்கே போகிறான் என்றார்கள். ஏழு மாசம் கழித்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. பிளஸ் டூ பரீட்சை லீவு, எமி மட்டும்தான் கேட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், தபால்காரர் அவள் மடியிலேயே போட்டுவிட்டுப் போனார். ரெமியின் கோணல் எழுத்து. 'கப்பல் நல்லா இருக்கு. முன்னால இடது பக்கம் மட்டும் லேசாக் கசியுது, அந்த இடத்தில சிமெண்ட் சரியா இறுகலை போல, அப்பாகிட்ட சொல்லு.' அப்பாகிட்ட சொல்லு. அந்த இரண்டு வார்த்தையில் காது அடைத்துக்கொண்டது. அப்பா உள்ளங்கையைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார். கார்டைப் பாவாடையில் செருகிக்கொண்டு வெந்நீர் அடுப்புக்குப் போய்த் தென்னமட்டைக்கு நடுவே வைத்தாள். ஓரம் சுருண்டது, தபால்தலை பச்சையாக எரிந்தது. மற்றபடி என்ன எழுதியிருந்தான்? ஞாபகம் இல்லை. குசலம் விசாரித்திருப்பான். எல்லாரும் விசாரிப்பதுதான். அந்த ஒரு வரிதான் ஞாபகம், கசியுது, இறுகலை, அப்பாகிட்ட சொல்லு. அந்த வருஷக் கடைசியில் மேற்குக் கடலில் பெரிய புயல், பேப்பரில் காணாமல் போன படகுகள் இத்தனை என்று எண் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எமிக்குத் தெரியும். கசிந்தது, பிளந்தது, உள்ளே வந்தது, முடிந்தது. தெரிந்துகொண்டே காலேஜ் போனாள், தெரிந்துகொண்டே கல்யாணம் செய்தாள், பிள்ளை பெற்றாள், சாளைக் குழம்பில் புளி அதிகம் என்று ஆம்புரோஸிடம் சண்டை போட்டாள். கொலைகாரி என்றால் ராத்திரி எழுந்து கை கழுவுவாள் என்று யார் சொன்னது? நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறாள்.

சுவரின் மேல்விளிம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை, குழாய் முனையைப் பெருவிரலால் நசுக்கினாள், விசிறி மாதிரி எழுந்து பாதி அவள் முகத்திலேயே விழுந்தது. அம்மா சாகும்வரை பதினொரு மணி ஆனால் அந்தப் பொக்கைவாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். தபால்காரர் வரும் நேரம். முன்னாலெல்லாம் சைக்கிளில் வந்தார்கள், பிறகு ஸ்கூட்டரில், பிறகு தபால் வருவதே நின்றுபோய் கரண்ட் பில்லும் கல்யாணக் கார்டும் மட்டும் வந்தது, அம்மா நிற்பது மட்டும் நிற்கவில்லை. "என்ன பெர்பெத்தம்மா, ஒண்ணுமில்ல," என்று தூரத்திலேயே கையை விரிப்பார்கள். "அதுக்கென்ன, நாளைக்கு வரட்டும்," என்பாள், அவர்களுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. அம்மா போன பிறகுதான் எமரன்சி தேட ஆரம்பித்தாள். ஆரம்பித்தால் சும்மா இல்லை. கொல்லத்தில் கயிறு வியாபாரியின் பேரனைப் பிடித்தாள், பேப்பூரில் கப்பல் கட்டுகிறவர்களைப் பிடித்தாள், மங்களூரில் ஆம்புரோஸின் பழைய மேனேஜர், பழைய படகுகளின் போட்டோவைப் போட்டு உருகுகிற ஒரு பேஸ்புக் கூட்டம், கோவாவில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர். சிமெண்ட் பாய்க்கப்பல், நாற்பத்தைந்து அடி, இரண்டு பாய்மரம், நீல எழுத்து என்று எல்லாருக்கும் எழுதினாள், கான்வென்ட் இங்கிலீஷ், ஒரு கமா பிசகாது. எல்லாரும் இல்லை என்றார்கள். இல்லை என்று வரும்போது ஒரு நிம்மதி வந்தது, அது அவளுக்கே தெரிந்தது. ஏழெட்டு மாசமாக அத்தனை துறைமுகத்தையும் தட்டினாள், கார்வாரை மட்டும் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? தோன்றவில்லை. கார்வாரில்தான் ஜெசிந்தா இருக்கிறாள், மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறாள், மாசம் ஒருமுறை போனில் பேசுகிறவள், அவளிடம் கேட்கத் தோன்றவில்லை என்றால் யார் நம்புவார்கள்? சுவர் பூசிய அன்றைக்கு இசக்கிராஜ் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "அக்கா, ஒருநாள் விட்டாலும் உள்ள வெடிச்சிரும், வெளிய தெரியாது, வருஷம் கழிச்சுத்தான் காட்டும்," என்றான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். அங்கே ஹொன்னகட்டா என்று ஒரு ஊர் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெயரை வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. "இருக்கு, சின்ன மீன்பிடி ஊரு, ஆத்துக்கு அந்தப் பக்கம். ஏம்ட்டீ அந்த ஊரு?" என்றாள் ஜெசிந்தா. யாரோ சொன்னாங்க, அங்க சிமெண்ட் கப்பல் ஏதும் கிடக்கா, முன்னால இடது பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு, என்றாள் எமரன்சி. யார் என்று அவள் கேட்கவில்லை. கன்னியாஸ்திரியானதில் அவளுக்கு வந்த ஒரே நல்ல பழக்கம் அது.

பதினொன்று ஐந்துக்கு போன் அடித்தது, கிளமென்சியா டீச்சர். "எமரன்சி, லிஸ்ட்டு என்னம்மா ஆச்சு? உன் வீடு ஒண்ணுதான் பாக்கி. பன்னெண்டு மணிக்கு கோயில்பிள்ளைட்ட கொடுக்கணும்." எழுதிட்டேன் டீச்சர், பாக்கி ஒண்ணுதான். "ரெமி பேரா? எழுதிரு பிள்ளே. உங்கம்மாவுக்குப் பிடிவாதம், ஒரு ஆத்துமாவைப் பூசை இல்லாமத் தவிக்கவிட்டா. நாம அப்படி விடலாமா?" டீச்சரின் குரலில் வேப்பெண்ணெயில் சர்க்கரை கலந்த மாதிரி ஒரு பரிதாபம். பத்து நிமிஷம், என்றாள் எமரன்சி. வைத்துப் பையில் போடுவதற்குள் போன் கையிலேயே துள்ளியது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. போட்டோக்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சாம்பல் கட்டமாக நின்றது. குழாயைக் கீழே போட்டாள். கட்டை விரல் ஈரத்துக்கு போன் கேட்கவில்லை, நைட்டியில் துடைத்தாள், நைட்டியும் ஈரம், ஜன்னலோரத் துண்டில் துடைத்தாள். முதல் படம் விரிந்தது. சேறு, தென்னை, வெளிர் வானம், நடுவில் கரையில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய சாம்பல் வயிறு. பாய்மரம் இல்லை. மேலே யாரோ கருவாடு காயப் போட்டிருந்தார்கள். கோழி ஒன்று நின்றது. நீல எழுத்தில் பெ மட்டும் பாதி இருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள், முன்னால், இடது பக்கம், விரல் வழுக்கிப் படம் வானத்துக்குப் போனது, திரும்ப இழுத்தாள். பிளவைத் தேடினாள். பாசி, உப்பு வெளுப்பு, சிப்பி ஒட்டிய தழும்பு. பிளவைக் காணோம். அடுத்த படம், அடுத்த படம், ஜெசிந்தா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிற படம், வெள்ளைப் புடவை சேறாகி, பல்லைக் காட்டிக்கொண்டு. உள்ளங்கைக்கு அடியில் சுவர் மாதிரி வழவழப்பு.

பிறகு குரல் வந்தது, ஆறு நிமிஷக் குரல், காற்று இரைச்சலோடு. "எமி, இதாம்ட்டீ, உங்கப்பா கப்பல்தான். முழுசா இருக்கு. ஐஸ் வைக்கிற கிட்டங்கியா வச்சிருக்காங்க, பின்னால வாசல் வெட்டியிருக்காங்க, அதுக்கே நாலுநாள் ஆச்சாம். கம்பிக்காக உடைக்கப் பாத்தாங்களாம், நீ சொன்னியே முன்னால இடது பக்கம், அங்கதான் சம்மட்டியால அடிச்சிருக்காங்க, சம்மட்டிக் காம்புதான் உடைஞ்சுதாம்." எமரன்சி படிக்கட்டில் உட்கார்ந்தாள். படி ஈரம், உட்கார்ந்தபிறகு தெரிந்தது. சம்மட்டிக் காம்பு. இருபத்தேழு நாள் தண்ணீருக்கே சம்மட்டி உடைந்தது. அப்பா, உங்க சிமெண்டே சிமெண்டு. சிரிப்பு வந்தது, முப்பத்தேழு வருஷம், ஒன்றுமே இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை, கசிந்ததை அவன் பூசியிருப்பான், அவ்வளவுதான், நான் யாரையும். அந்த எண்ணம் முடிவதற்குள் குரல் தொடர்ந்தது. "இங்க ஒரு பெரியவர் இருக்காரு, வலை பின்னுறவரு, அவருக்கு ரெமி அண்ணனை நல்லாத் தெரியும். புயலுக்கு முன்னாலயே வந்து இங்க கரையேத்திட்டாராம். மூணு வருஷம் இந்தக் கப்பல்லயே குடியிருந்தாராம், எஞ்சின் ரிப்பேர் பாத்துக்கிட்டு. தினமும் பதினொரு மணிக்குக் கப்பல்ல இருந்து இறங்கி அந்தக் கடை வாசல்ல வந்து நிப்பாராம். தபால் வர்ற நேரம். கடைக்காரன் ஒண்ணுமில்லன்னு கையை விரிப்பானாம், இவரு சிரிச்சுக்கிட்டே ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போயிருவாராம். ஊர்ல இருந்து ஒரே ஒரு கடுதாசி வரணும்னு சொன்னாராம். மூணு வருஷம் பாத்துட்டு ஒருநாள் லாரில ஏறி வடக்க போயிட்டாராம். அதுக்குப் பிறகு தெரியலையாம். ஏன் எமி, நீங்க யாருமே எழுதலையா? அண்ணன் எழுதவே இல்லையா? அதுசரி, நீ எப்படிட்டீ கரெக்டா இந்த ஊரைச் சொன்ன?"

காற்று இரைந்துவிட்டு நின்றது. மற்றபடி என்ன எழுதியிருந்தான். ஞாபகம் இல்லை என்று சொல்லிச் சொல்லி அதற்கும் ஒரு சாக்கைப் போர்த்தி வைத்திருந்தாள், நல்ல ஈரமாக, ஒருநாள் விடாமல். இப்போது சாக்கைத் தூக்கினால் எழுத்து அப்படியே இருந்தது, ரெமியின் கோணல் எழுத்து, ஒரு வரிகூட எரியவில்லை. 'அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துதான்னு ஒரு வரி எழுது எமி. எழுதினா மறுநாளே கிளம்பி வந்துருவேன். வரலைன்னா அவரு கோபமாத்தான் இருக்காருன்னு எடுத்துக்கிடுதேன். அம்மாவை அழவேண்டாம்னு சொல்லு.' கீழே கடை பெயர், ஹொன்னகட்டா, கார்வார் வழி. அப்பாவுக்குக் கோபம் அந்தக் கஞ்சித் தட்டைக் கழுவி வைப்பதற்குள் தீர்ந்துவிட்டது, மறுநாளே அவர் கடற்கரைக்குப் போய் நின்றார், எமி பார்த்தாள். பதினாறு வயசில் எல்லாம் பார்த்தாள். ஒரு வரி எழுத பதினைந்து பைசா கார்டு போதும், வீட்டில் அலமாரியில் கட்டாகக் கிடந்தது. தண்ணீர் ஊற்றாத கதையை அவள் இத்தனை வருஷம் விரட்டி விரட்டி நினைத்தது எதற்கு என்று இப்போது தெரிந்தது, வீட்டில் பெரிய திருட்டு நடக்கும்போது நாய் பின்வாசலில் பூனையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருப்பது போல. இங்கே ஒருத்தி பதினொரு மணிக்குப் பொக்கைவாயில் நின்றாள், அங்கே ஒருத்தன் பதினொரு மணிக்குக் கடை வாசலில் நின்றான், இரண்டுபேருக்கும் ஒண்ணுமில்ல என்று கையை விரித்தார்கள். நடுவில் ஒரு வெந்நீர் அடுப்பு. கொன்றிருந்தால்கூட ஒரு பூசையோடு தீர்ந்திருக்கும்.

ஜன்னலோரக் காகிதத்தை எடுத்தாள். மீன் மசாலா டப்பாவின் அடி பட்டு ஆறு என்ற எண் மஞ்சளாகியிருந்தது. எண்ணை அடித்தாள், அடித்தது போதாமல் காகிதம் கிழியும்வரை அடித்தாள், பிறகு டீச்சருக்கு போன் போட்டாள். "டீச்சர், அஞ்சு பேருதான். ஆள் அனுப்புங்க." அஞ்சா, அப்ப ரெமி பேரு என்று டீச்சர் இழுத்தாள். "அவன் சாகலை." "எப்படிம்மா சொல்லுதே, இத்தனை வருஷம் வராதவன்," என்றாள் டீச்சர். "வரச்சொல்லி யாரும் எழுதலை டீச்சர்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். சொன்னது தன் குரல்தானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது, சாதாரணமாக, உப்பு வாங்கிட்டு வா என்கிற மாதிரி வந்தது. கீழே கிடந்த குழாயைக் கையில் எடுத்தாள், எடுத்ததை மறந்தாள். ஜெசிந்தாவின் பெயரை அழுத்தி போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். "ஜெசி, அந்தப் பெரியவரை விட்டுராத, அங்கயே இரு. லாரி எந்த ஊரு லாரி, மீன் லாரியா, ஓட்டினவன் பேரு என்ன, எல்லாம் கேளு. நாளைக்கு நான் ரயிலேறுதேன்." விரலை எடுத்தாள். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சமையலறையில் உலை கொதித்துத் தட்டு துள்ளுகிற சத்தம் கேட்டது, தெருவில் மீன்காரி நெத்திலி நெத்திலி என்று போனாள், கோயில் பக்கமிருந்து மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், டொக் டொக். மறுபடியும் அழுத்தினாள். "நான் எப்படி அந்த ஊரைச் சொன்னேன்னு கேட்டல்லா," என்றாள். மூச்சு விட்டாள், அதுவும் போனில் பதிந்திருக்கும். "கார்டு வந்துச்சு ஜெசி. என் மடியிலதான் வந்து விழுந்துச்சு." பின்கட்டில் துவைகல்லுக்கு மேடை கட்டிக்கொண்டிருந்த இசக்கிராஜ் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது," என்றான். "செவுத்துக்குக் காட்டுங்கன்னா, அது காஞ்சு வெளுத்துப்போய்க் கிடக்கு, நீங்க குரோட்டன்ஸ் செடிக்கு ஊத்திக்கிட்டு நிக்கிய."